‘சீரான பின்’ என்ற நிபந்தனையின் வரலாறு

1978-இல் கொலம்பியத் தலைநகர் போகோட்டாவின் தாய்-சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றிலேயே பல சிசுக்களைக் கிடத்தியதால் தொற்றும் பரவியது. மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியா, எடை குறைந்த சிசுக்களைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்தி அணைத்துவைக்கச் செய்தார். அடுத்த ஆண்டு எக்டர் மார்ட்டினெஸ் இணைந்தார். ‘கங்காரு தாய் பராமரிப்பு’ இவ்வாறு பிறந்தது.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2003-ஆம் ஆண்டு வழிகாட்டி, சிசுவின் உடல்நிலை சீரான பின்னரே இதைத் தொடங்கச் சொன்னது. மிக நலிந்த சிசுக்கள் அச்சொல்லாலேயே வெளியே நிறுத்தப்பட்டன. 2021-இல் வெளியான, இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளின் ஆய்வு அவ்வரிசையை மாற்றியது. 1.8 கிலோவுக்கும் குறைந்த எடையுடன் பிறந்த உடனே அணைக்கப்பட்டோரில் 12.0 விழுக்காட்டினரும், சீரான பின் அணைக்கப்பட்டோரில் 15.7 விழுக்காட்டினரும் 28 நாள்களுக்குள் இறந்தனர். அணைப்பே சீராக்கும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பது புலனாயிற்று.

பிறவி இதயக் குறையுள்ள சிசுக்களோ இன்னும் பெரும்பாலும் வெளியிலேயே உள்ளனர். குழாய்கள் இடம்பெயரலாம், ஆக்சிசன் அளவு சரியலாம் என்னும் அச்சம் நியாயமானதே. ஆயினும் தக்க கண்காணிப்பில் அணைக்கப்பட்டபோது அவர்களது இதயத்துடிப்பும் ஆக்சிசன் அளவும் பெரும்பாலும் குலையவில்லை என்றே சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. இனிப் பெரிய ஆய்வுகள் தேவை. அவற்றை வடிவமைப்போர், ‘சீரான நிலை’ என்பதை எந்த அளவீட்டால், யார் வரையறுக்கிறார்கள் என்பதையே முதலில் வினவ வேண்டும்.