குறள் என்னும் உருவும் உலகத்தார் நகையும்

குறள் என்றவுடன் நம் நினைவில் எழுவது வள்ளுவப் பெருந்தகையின் ஈரடி வெண்பாவே. அச்சொல்லின் பொருள் குறுமை என்பது. அடியிற் குறுகிய பாவைக் குறள் என்ற நம் முன்னோர், வடிவிற் குறுகிய மனிதரையும் அப்பெயராலேயே அழைத்தனர். பாவுக்குக் கிடைத்த பெருமை அம்மனிதர்க்கும் கிடைத்ததா என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

புறநானூற்றின் 28ஆம் பாட்டில், சோழன் நலங்கிள்ளிக்கு அறம் உரைக்கப் புகுந்த உறையூர் முதுகண்ணன் சாத்தனார், மக்கட்பிறப்பின் எட்டுக் குறைகளை எண்ணுமிடத்துக் கூனையும் குறளையும் சேர்த்தே எண்ணுகிறார். சிலப்பதிகாரத்திலோ, பாண்டிமாதேவி அரசவைக்கு வரும்போது அவளைச் சூழ்ந்து வரும் குற்றேவல் இளைஞருள் கூனரும் குறளரும் இருக்கின்றனர். அரண்மனையில் அவர்க்குச் சோறுண்டு, இடமுண்டு. ஆயினும் ஏவல் செய்வோராக மட்டுமே. புகாரின் இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் நீராடினால் அவர்தம் குறை நீங்கும் என்றும் இளங்கோவடிகள் பாடுகிறார். குறைபட்டோர் நலம்பெற வேண்டும் என்ற ஏக்கம் அக்காலத்தும் இருந்தது என்பதற்கு அது சான்று.

இவை யாவினும் ஆழ்ந்து கற்கத்தக்கது கலித்தொகையின் 94ஆம் பாட்டு. தொல்காப்பியர் அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே நிறுத்தியவர். அவ்வடியோருள்ளும் கடைப்பட்ட ஒரு கூனியும் ஒரு குறளனும் இப்பாட்டில் தலைவியும் தலைவனும் ஆகின்றனர். அவன் அவளை வழிமறிக்கிறான். அவளோ, சூதாடு பலகையை நிமிர்த்தி வைத்தாற்போன்ற உருவத்தானே என்று எள்ளுகிறாள். அவனும் விடவில்லை; அவள் கூனைச் சுட்டி, எப்பக்கம் நின்று தழுவுவது என்று கேட்கிறான். உலகம் தம்மைப் பார்த்துச் சொல்லிய ஏளனச் சொற்களையே இருவரும் ஒருவர்மேல் ஒருவர் எறிகின்றனர். இதனை வெறும் நகைச்சுவை என்று கொண்டு நகர்வோர் உளர். அவர் பாட்டின் பிற்பகுதியைப் படித்திலர் என்பேன். சினம் தணிந்து இருவரும் இசைந்த பின்னர் எழும் வேண்டுகோள் ஒன்றே: அரண்மனையில் உள்ளோர் கண்டு நகாதிருக்க வேண்டும். பேயும் பேயும் துள்ளுவதாக அவர்கள் சிரிப்பார்களே என்று அஞ்சி, அரண்மனைக்கு வெளியே உள்ள சோலைக்குப் போகத் துணிகின்றனர். பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, குறளர் உள்ளத்தை வருத்தியது உடலின் குறுமையன்று, பிறர் நகையே என்று ஒரு புலவர் கண்டிருக்கிறார்.

வாமனனை வணங்கினோம், அகத்தியரைக் குறுமுனி என்று போற்றினோம். ஆயினும் கள்ளனை நம்பினாலும் குள்ளனை நம்பாதே என்று பழமொழியும் சொல்லி வைத்தோம்! மேலைநாட்டாரும் நமக்கு இளைத்தவரல்லர். மண்ணுக்கடியில் பொன்னும் வெள்ளியும் அகழ்வோர் குள்ளரே என்பது செருமானியர் பழங்கதை. சுரங்கத் தொழிலாளரை ஏய்த்து நச்சுத்தாதுவைத் தந்த குறும்பூதத்தின் பெயராலேயே கோபால்ட் என்னும் உலோகம் இன்றும் வழங்குகிறது. பொன்வயலில் பிறந்தோர்க்கு இக்கதை சுவை தரும்.

இனி, இக்குறுமை எதனால் வருகிறது? முற்பிறவிப் பாவம் என்றும், கருவுற்ற தாய் காணத்தகாதது கண்டாள் என்றும் பழி சுமத்தியது போதும். குறுவளர்ச்சிக்குக் காரணங்கள் பல நூறு. மிகுதியாகக் காணப்படும் அகாண்ட்ரோபிளேசியா, எலும்பு நீள்வதைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் நேரும் சிறு மாற்றத்தால் வருவது. 1994இல் அம்மரபணு கண்டறியப்பட்டது. இத்தகையோருள் நூற்றுக்கு எண்பதின்மர் இயல்பான உயரமுடைய பெற்றோர்க்கே பிறக்கின்றனர். அறிவு வளர்ச்சியில் இவர்க்கு யாதொரு குறையும் இல்லை. பிட்யூட்டரிச் சுரப்பியின் வளர்ச்சி ஊக்கி குன்றினாலும் உடல் குறுகும். அதனை உரிய வயதில் ஊசியால் ஈடுசெய்யலாம். அயோடின் பற்றாக்குறையாலும் வளர்ச்சி குன்றும். இமயமலையடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் மருத்துவர் இராமலிங்கசுவாமி முதலியோர் செய்த ஆய்வு, உப்பில் அயோடின் கலந்தால் கழலை நோயைக் குறைக்கலாம் என்று காட்டியது.

நம் கர்நாடக மாநிலத்திலேயே ஒரு துயரக்கதை உண்டு. ஷிமோகா மாவட்டம் சாகர் வட்டத்து ஹந்திகோடு என்னும் சிற்றூரில், 1970களின் இடையில், இடுப்பும் முழங்காலும் நொந்து நடை தளர்ந்தோர் பலர் கண்டறியப்பட்டனர். சில குடும்பங்களில் உடலும் குறுகியிருந்தது. அவர்கள் வயலில் கூலிக்கு உழைத்த ஒடுக்கப்பட்ட மக்கள். வயல் நண்டைத் தின்றதால் பூச்சிமருந்தின் நஞ்சு ஏறியிருக்குமோ என்று முதலில் ஐயுற்றனர். சுரங்கத் தூசி நுரையீரலைத் தின்பதைக் கண்ட நம் தங்கவயல் மக்களுக்கு அந்த ஐயம் வியப்பளிக்காது. உழைக்கும் இடமே உடலைக் கெடுக்கும் என்பது நாம் அறிந்ததுதானே. பின்னர் நடந்த ஆய்வுகள், இது பெற்றோருள் ஒருவரிடமிருந்தே மக்களுக்கு இறங்கக்கூடிய மரபுவழி எலும்பு நோய் என்று காட்டின. காரணம் தெரிந்தது, முற்றத் தீர்க்கும் மருந்துதான் கிட்டவில்லை.

சட்டமும் காலந்தாழ்த்தே விழித்தது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் ஏழு குறைகளை எண்ணியது. குறுவளர்ச்சி அவற்றுள் தனியே இடம்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டத்தில் எண்ணப்பட்ட 21 வகைகளுள் அது சேர்ந்தது. மருத்துவ அல்லது மரபணுக் காரணத்தால், வளர்ந்த பின்னும் 4 அடி 10 அங்குலம், அதாவது 147 சென்டிமீட்டர், அல்லது அதனினும் குறைந்த உயரமுடையோர் இதன்கீழ் வருவர். குறைபாடு நூற்றுக்கு நாற்பதும் அதற்கு மேலும் என்று மருத்துவச் சான்று பெற்றோர், அரசுப் பணியிலும் உயர்கல்வியிலும் உள்ள ஒதுக்கீட்டைக் கோரலாம். தங்கவயலில் அத்தகைய பிள்ளை உள்ள வீட்டார், கூச்சத்தால் அதனை மறைத்து வைக்காது, அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று அச்சான்றினைக் கேட்டுப் பெறுதல் வேண்டும்.