அரக்கா, செங்கல்லா?

அப்பாவின் பீமரத சாந்திக்குக் கும்பகோணம் போயிருந்தபோது அம்மாவை நிறையப் படம் எடுத்தேன். கட்டியிருந்தது அவள் கல்யாணக் கூரைப்புடவை. நல்ல அரக்கு. பூனா திரும்பி, ஒரே ரா ஃபைலை இரண்டு மென்பொருளில் திறந்தால் ஒன்றில் அரக்கு, மற்றதில் செங்கல்! பிரிண்ட் போட்டு கூரியரில் அனுப்பினால் அது வெளிறிப்போய் மூன்றாவதாக ஒரு கலர். "என்னடா, என் புடவை சாயம் போயிடுத்தா?" என்று அம்மா போனில் சிரித்தாள்.

பி.காம் மூளைக்கு எட்டியவரை தேடிப் படித்தேன்.

கேமரா சென்சாருக்கு நிறமே தெரியாதாம். வெளிச்சத்தின் அளவை மட்டும் குறித்துக்கொள்ளும். கோடக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற முறைப்படி, ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதோ ஒரு வடிகட்டிதான். அதிலும் பாதி பச்சை. மீதியை மென்பொருள்தான் அக்கம்பக்கம் பார்த்துக் கணக்கிடுகிறது. ரா என்பது வவுச்சர் கட்டு. பேலன்ஸ் ஷீட் போடுவது மென்பொருள். டேவ் காஃபின் 1997-ல் தொடங்கிய டிசிரா, 2003-ல் வந்த அடோபி கேமரா ரா என்று எதை எடுத்தாலும், எண்ணை நிறமாக்க ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணை. அரக்கு செங்கல்லானது இப்படித்தான்.

சரி, பிரிண்ட் ஏன் வெளிறியது? 100 என்று மட்டும் எழுதி, ரூபாயா டாலரா என்று சொல்லாவிட்டால் எந்த கேஷியர் பணம் தருவார்? நிறத்தின் எண்களும் அப்படியே. மனிதக் கண் பார்ப்பதை அளந்து 1931-ல் சிஐஇ ஒரு பொது அளவை வகுத்தது. நம் தங்கம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1993-ல் அடோபி, ஆப்பிள், கோடக், மைக்ரோசாஃப்ட் உள்பட 8 நிறுவனங்கள் சேர்ந்து ஐசிசி அமைத்தன (கிரிக்கெட் இல்லை!). இன்ன எண் கண்ணுக்கு இன்ன நிறம் என்று சொல்லும் 'புரொஃபைல்' அவர்கள் வகுத்தது. 1996-ல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் எஸ்ஆர்ஜிபியை முன்வைத்தன. 1998-ல் போட்டோஷாப் 5-க்காக ஒரு டிவி தரத்திலிருந்து எண்களை எடுத்ததில் பிழை நேர்ந்தது. ஆனால் அந்த அகலமான நிறவெளி பலருக்குப் பிடித்துப்போக, அதுவே அடோபி ஆர்ஜிபி (1998) ஆகிவிட்டது. நம்ம ஆபீஸில் தப்பு என்ட்ரி சர்க்குலர் ஆவதில்லையா, அதுபோல :-)

நான் அனுப்பியது அடோபி ஆர்ஜிபி. லேப் அதை எஸ்ஆர்ஜிபியாகப் படித்திருக்கிறது. டாலரை ரூபாயாக வரவு வைத்த கதை.

அம்மா இப்போது இல்லை. எது சரியான அரக்கு என்று கேட்க ஆள் இல்லை. ஆனால் ரா ஃபைலை அழிக்காமல் வைத்திருந்தேன். போன லீவில் அக்கா பீரோவிலிருந்து புடவையை எடுத்துத் தர, ஜன்னலோரம் வைத்து, திரையை அளவி கொண்டு சரிசெய்து, படத்தை மறுபடி போட்டேன். எஸ்ஆர்ஜிபியில் மாற்றி, புரொஃபைலையும் சேர்த்து லேபுக்கு அனுப்பினேன்.

பிரிண்டைப் பார்த்து அப்பா சொன்னது ஒரே வார்த்தை: "இதான்."

ஊர் விசேஷத்தில் படம் எடுப்பவர்களே, ஜேபெக்கோடு ராவையும் பத்திரப்படுத்துங்கள்.