பனிக்கு அஞ்சிய பயிரும் பால்மரமும்

செடிகொடிகளுக்குக் கால்கள் இல்லை. எனினும் அவை கடல் கடந்த வரலாறு, மனிதன் கடல் கடந்த வரலாற்றுக்குச் சிறிதும் குறைந்ததன்று. மிளகாயும் நிலக்கடலையும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை என்பதை நம் சமையற்கட்டுகள் மறந்தே போயின. ஆயினும் எல்லாச் செடிகளும் புகுந்த மண்ணில் எளிதில் வேர்விடுவதில்லை. சிலவற்றைக் காப்பதற்கு மனிதன் கண்ணாடியாலும் தழையாலும் அரண் அமைக்க வேண்டியிருந்தது.

அத்தகைய மென்மையான செடிகளுள் ஒன்று பெலர்கோனியம். ஜெரேனியம் என்றே பலரும் அதனை அழைப்பர். தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனைப் பகுதிக்குரிய இச்செடி, பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை அடைந்தது. இதன் சதைப்பற்றுள்ள தண்டில் நீர் மிகுதி. அந்நீர் உறையுமானால் உயிரணுக்கள் சிதைந்து, தண்டு கருகி அழுகிவிடும். ஆதலின் ஐரோப்பியர் கூதிர்காலம் வருமுன்பே அதனைக் கண்ணாடி மனைக்குள் கொண்டு சேர்த்தனர்.

நீலகிரியில் நிலைமை வேறு. உதகை அரசினர் தாவரவியல் பூங்கா 1848ஆம் ஆண்டில் மக்ஐவர் என்பவரின் கையால் உருவாகத் தொடங்கியது. குளிர்நாட்டு மலர்கள் பலவும் அங்கே திறந்தவெளியிலேயே வளர்ந்தன. ஆனால் மார்கழியிலும் தையிலும் அங்கும் உறைபனி விழுவதுண்டு. மேகமற்ற இரவில் இலையிலுள்ள வெப்பம் வானை நோக்கி வெளியேறிவிட, இலை காற்றினும் குளிர்ந்து அதன்மேல் பனி படிகிறது. இதனைத் தடுக்கத் தோட்டத் தொழிலாளர்கள் ‘கோத்தகிரி மிலார்’ என்னும் செடியின் கிளைகளை ஒடித்து வந்து மலர்ப்பாத்திகளை மூடுவர். பெருஞ்செலவில் எழுந்த கண்ணாடி மனை செய்யும் பணியை, அங்கே ஒரு கைப்பிடித் தழை செய்துவிடுகிறது.

சிங்கப்பூரிலோ பனியே இல்லை. அப்படியாயின் பெலர்கோனியம் இங்கே செழிக்க வேண்டும் அன்றோ? அதுதான் இல்லை. குளிர்ந்த இரவையும் ஈரம் தேங்காத வேரையும் விரும்பும் அச்செடி, நம் புழுக்கத்திலும் மழையிலும் வாடி அழுகுகிறது. 2012இல் மரினா பேயில் திறக்கப்பட்ட மலர்க்கூடத்தில் தென்னாப்பிரிக்கச் செடிகள் குளிரூட்டப்பட்ட கண்ணாடிக்குள் வாழ்கின்றன. ஐரோப்பாவில் சூடேற்றிய மனை, இங்கே குளிரேற்றிய மனை! இடம் மாறினால் அரணின் இயல்பும் மாறுகிறது.

இதற்கு நேர்மாறான ஒரு பயணமே சிங்கப்பூரின் வரலாற்றை மாற்றியது. அதுவே பால்மரம் எனத் தோட்டத் தமிழர் அழைத்த ரப்பரின் பயணம். 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர், பிரேசிலின் தபாஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இலண்டனை அடுத்த கியூ பூங்காவுக்குக் கொணர்ந்தார். எண்ணெய்ப் பசை மிக்க அவ்விதை சில வாரங்களிலேயே உயிர் இழந்துவிடும். சூடேற்றிய மனைகளில் விதைத்தும் நூற்றுக்கு நான்கு கூட முளைக்கவில்லை. முளைத்தவற்றுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்குக் கப்பலேறின.

கன்றுகள் கடற்காற்றின் உப்பைத் தாங்கியது எவ்வாறு? இலண்டன் மருத்துவர் நதேனியல் வார்டு கண்டறிந்த கண்ணாடிப் பேழையே அதற்குத் துணை. மண்ணிலிருந்து எழும் ஆவி கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணையே சேரும். ஆதலின் பல வாரம் நீரூற்ற வேண்டிய தேவையில்லை. இருப்பினும் 1876இல் சிங்கப்பூருக்கு அனுப்பிய கன்றுகள் பிழைக்கவில்லை. மறு ஆண்டு வந்த 22 கன்றுகளே பிழைத்தன. சில பூமலையில் நடப்பட்டன. சில பேராக்கின் கோலகங்சாருக்குச் சென்றன.

மரம் வளர்ந்தும் அதனை மதிப்பாரில்லை. 1888இல் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, காப்பித் தோட்டத்தாரிடம் ரப்பர் விதையைக் கொடுத்து நடுமாறு வற்புறுத்தினார். ‘பைத்தியக்கார ரிட்லி’ என்ற பட்டமே அவருக்குக் கிடைத்தது. அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்ததால் மரம் நைந்தது. ரிட்லியோ பட்டையை மெல்லச் சீவி, அதே வெட்டை நாளும் புதுப்பிக்கும் முறையை வகுத்தார். உள்ளிருக்கும் வளர்படை காயமுறாமையால் பட்டை மீண்டும் வளர்ந்தது. 1896இல் மலாக்காவில் டான் சே யான் ரப்பரை வணிகப் பயிராக நட்டார். அதன்பின் தோட்டங்கள் பெருகின. சிங்கப்பூரின் வடகிழக்கு மூலையிலுள்ள பொங்கோலிலும் அக்காலத்தில் ரப்பர் நிழல் விரிந்திருந்தது.

இம்மரம் தாயகத்தில் ஏன் தோட்டப் பயிராகவில்லை? அங்கே இலைக்கருகல் என்னும் பூசண நோய் உண்டு. காட்டில் மரங்கள் தனித்தனியே நிற்பதால் நோய் பரவுவதில்லை. நெருக்கி நட்டால் அழிந்துவிடும். 1928இல் ஹென்றி ஃபோர்டு அதே தபாஜோஸ் கரையில் தொடங்கிய பெருந்தோட்டம் நோயால் நலிந்து, 1945இல் கைவிடப்பட்டது. விதை மட்டும் வந்து நோய் வாராமையே மலாயாவின் நற்பேறு. ஆனால் இங்குள்ள மரங்களுள் மிகப்பல அச்சிறு கூட்டத்தின் வழித்தோன்றல்கள் ஆதலின், அந்நோய் கடல் தாண்டினால் எதிர்த்து நிற்கும் ஆற்றல் அவற்றுக்குக் குறைவு. இன்றும் அதற்கெனக் காவல் தேவைப்படுகிறது.

விதை கொணர்ந்த விக்காமுக்கு 1920இல் ‘சர்’ பட்டம் கிடைத்தது. ரிட்லியின் பெயர் பூமலையின் வரலாற்றில் நிலைத்தது. ஆனால் வளர்படையைத் தொடாமல் பட்டையைச் சீவும் நுட்பம் ஏட்டில் இருந்தால் போதுமா? விடியற்காலை இருளில் உளியேந்தி, மங்கில் வடியும் பாலைச் சேர்த்து, ஒட்டுப்பாலைக் கூடப் பொறுக்கிய தோட்டத் தொழிலாளியின் விரல்களில் அன்றோ அது உயிர் பெற்றது! கங்காணிகளோடு மலாயாவுக்குக் கப்பலேறிய தமிழர்க்குக் கண்ணாடிப் பேழை இல்லை. காய்ச்சலுக்கும் கடனுக்கும் இடையே அவர்கள் தாமே வேரூன்றினர்.

பொங்கோலில் பன்றி, கோழிப் பண்ணைகளின் காலமும் மறைந்தது. 1996இல் அறிவித்த திட்டத்தின்படி அடுக்குமாடிகள் எழுந்தன. ரப்பர் நின்ற மண்ணில் இன்று பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். பயிர்களின் வரலாற்றை அப்பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, உதகையில் மிலார் மூடிய கையையும் மலாயாவில் பால் வெட்டிய கையையும் சேர்த்துச் சொல்லுதல் கடமை. அவற்றை விட்டுவிட்டுச் சொல்லும் வரலாறு, வேரை விட்டுவிட்டு மரத்தை வரைந்தது போன்றதாகும்.