கதிரும் காலமும்

சரித்திரம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் ஆகும். மருத்துவத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதில் வெற்றிகள் பல. வெற்றியென்று எண்ணப்பட்டவை பல்லாண்டு கழித்து வேறு முகம் காட்டியதும் உண்டு. குழந்தைப் பருவத்தில் நோய் தீர்க்கும் பொருட்டுத் தலையிற் செலுத்திய எக்ஸ் கதிர், பிற்காலத்தில் மூளையிற் புதிய கட்டியைத் தோற்றுவிக்கக்கூடும் என்ற உண்மை வெளிப்பட்ட வரலாற்றையே இன்று கூற விரும்புகிறேன்.

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், ஜெர்மனியிலுள்ள வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்கன் என்னும் பேராசிரியர் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டிலேயே வியன்னா நகரத்து மருத்துவர் லியோபோல்டு பிராய்ண்டு, ஒரு சிறுமியின் முதுகில் முடி அடர்ந்திருந்த மறுவின் மேல் அக்கதிரைப் பாய்ச்சினார். முடி உதிர்ந்தது, புண்ணும் உண்டாயிற்று. அந்தப் புண், கதிரின் மறுபக்கத்தைக் காட்டிய முதல் அறிகுறிகளுள் ஒன்று.

முடியை உதிர்க்கும் அவ்வாற்றல் விரைவில் ஒரு நோய்க்கு மருந்தாயிற்று. தலையில் வரும் படர்தாமரை என்னும் தொற்றுநோய், பூஞ்சணத்தால் உண்டாவது. முடியின் வேரிலே குடிகொள்வது. உயிரைக் கொல்லாதெனினும், ஒரு குழந்தையிடமிருந்து மற்றொரு குழந்தைக்கு எளிதிற் பரவும். பாரிஸ், லண்டன் முதலிய நகரங்களில் இந்நோயுற்ற பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு வகுப்பில் அமர இயலாதிருந்தது. 1904-இல் பாரிஸ் மருத்துவர் சபூரோ, அளந்த அளவில் கதிரைச் செலுத்தி முடி முழுவதையும் உதிர்க்கும் முறையை வகுத்தார். முடியோடு பூஞ்சணமும் நீங்கிற்று; சில திங்களில் புதிய முடி முளைத்தது. 1909-இல் லண்டன் மருத்துவர் ஆடம்சன், தலையை ஐந்து பகுதிகளாகப் பிரித்துக் கதிர் செலுத்தும் முறையை எழுதினார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பல நாடுகளில் எண்ணற்ற குழந்தைகள் இம்முறையால் குணமடைந்தனர். 1958-இலும் அதனை அடுத்தும் கிரிசியோபுல்வின் என்ற மருந்து வாய்வழி உண்ணத்தக்கதாய் வந்தபின், கதிர் தேவையற்றதாயிற்று.

கதை அங்கே முடிந்திருக்கலாம். நான் நெடுங்காலம் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் பணியாற்றியவன். பள்ளியை விட்டுச் சென்ற மாணவனின் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் நின்றுவிடும். அவன் பின்னர் என்ன ஆனான் என்பதை அவ்வேடு சொல்லாது. மருத்துவமனை ஏடும் அத்தகையதே. “குணமாயிற்று” என்று எழுதியவுடன் அப்பக்கம் முடிந்துவிடும். முடிந்த பக்கங்களை மீண்டும் புரட்டிப் பார்க்கச் சிலர் முன்வந்ததனால்தான் உண்மை வெளிவந்தது.

இஸ்ரேல் நாட்டில் 1948 முதல் 1960 வரை, வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகள் பல்லாயிரவருக்குப் படர்தாமரைக்காகக் கதிர் செலுத்தப்பட்டது. பாரூக் மோடன் என்னும் மருத்துவ அறிஞரும் அவருடைய துணைவரும் அப்பழைய ஏடுகளைத் தேடி எடுத்தனர். கதிர் பெற்ற 10,834 பேரின் பெயர்களைத் திரட்டினர். அதே எண்ணிக்கையில், கதிர் பெறாத ஒத்த வயதினரையும், உடன்பிறந்தார் 5,392 பேரையும் ஒப்பீட்டுக்குக் கொண்டனர். பின்னர் அப்பெயர்களை நாட்டின் புற்றுநோய்ப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தனர். கதிர் பெற்றோரிடம் தலையிலும் கழுத்திலும் கட்டிகள் மிகுந்துள்ளமையை 1974-இல் வெளியிட்டனர். எலெய்ன் ரான், மோடன் முதலியோர் 1988-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, மூளை மற்றும் நரம்பு மண்டலக் கட்டிகள் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுதி என்று காட்டிற்று. மூளையுறையில் எழும் கட்டியோ ஒன்பது மடங்குக்கும் மேல். அக்குழந்தைகளின் மூளை பெற்ற கதிரின் அளவு சராசரியாக 1.5 கிரே மட்டுமே.

ஏழு மடங்கு என்று கேட்டு மயங்கிவிடலாகாது. இயல்பில் மிக அரிதான நோய் ஏழு மடங்கானாலும் அரிதே. கதிர் பெற்றோருள் மிகப் பெரும்பாலோர்க்கு இக்கட்டி தோன்றவில்லை. ஆயினும், தோன்றியவர்க்கு அது முழுத் துன்பமன்றோ? உயிருக்கு ஊறு செய்யாத ஒரு நோய்க்காக அவர்கள் அவ்விலையைக் கொடுத்தனர். 1994-இல் அந்நாட்டரசு அவர்களுக்கு இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது.

இனி, வேறொரு நிலையைக் காண்போம். குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் ஒரு காலத்தில் தப்பாமல் உயிரைக் கொண்டது. மருந்துகள் உடலில் நோயை அடக்கியபோதும், அவை எளிதில் எட்டாத மூளையுறையில் அது பதுங்கியிருந்து மீண்டும் எழுந்தது. அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்துச் செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்டு பிங்கெலும் அவருடைய குழுவினரும், 1967 முதல் தலைக்கு 24 கிரே கதிரும் தண்டுவட நீரில் மருந்தும் செலுத்தினர். குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் பிழைத்தனர். அதுவரை உலகம் காணாத வெற்றி அது.

ஆனால் 24 கிரே என்பது படர்தாமரைக் குழந்தைகளின் மூளை பெற்றதைப் போலப் பதினாறு மடங்கு. இங்கும் ஏடுகள் மூடப்படவில்லை. இந்நோய்க்குச் சிகிச்சை பெற்ற 9,720 குழந்தைகளின் பிற்கால நிலையை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வு 1991-இல் வெளிவந்தது. 43 பேருக்கு இரண்டாவதாக ஒரு புற்று தோன்றியிருந்தது; அவற்றுள் 24 மூளையிலும் நரம்பு மண்டலத்திலும் எழுந்தவை. அந்த 24 பேரும் முன்னர்க் கதிர் பெற்றவர்களே. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி.

காரணம் யாது? கதிர் உயிரணுவின் உள்ளிருக்கும் மரபுப் பொருளை அறுக்கிறது. பெரும்பாலான அணுக்கள் அதனைச் செப்பனிட்டுக்கொள்ளும், அன்றி மடியும். தவறாகச் செப்பனிடப்பட்ட ஓர் அணு பிழைத்துப் பெருகினால், கட்டிக்கு வித்தாகும். வளரும் குழந்தையின் மூளை முதிர்ந்தோர் மூளையைவிடக் கதிருக்கு எளிதில் ஆட்படுவது. ஊறு வெளிப்படுவதற்கு அதன் முன் நிற்கும் ஆயுளும் நீண்டது. சில கட்டிகள் பத்தாண்டுக்குள்ளும், மூளையுறைக் கட்டிகள் பெரும்பாலும் இருபது முப்பது ஆண்டுகள் கழித்தும் வெளிப்படுகின்றன.

அந்நாளைய மருத்துவர்களை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? இரு நிகழ்ச்சிகளையும் ஒரே தராசில் நிறுத்தல் முறையன்று. இரத்தப் புற்றுற்ற குழந்தைக்குக் கதிர் இல்லையேல் பிற்காலம் என்பதே இல்லை. படர்தாமரைக் குழந்தைக்கோ காத்திருக்கக் காலம் இருந்தது. கதிர் ஒன்றே, எதனைக் காக்க எதனைப் பணயம் வைக்கிறோம் என்பதில்தான் வேறுபாடு.

உண்மை தெரிந்தபின் மருத்துவர் வாளாவிருக்கவில்லை. கதிரின் அளவை 24 கிரேயிலிருந்து 18 ஆகவும், பின்னர் 12 ஆகவும் குறைத்தனர், மருந்துகளைச் செம்மைப்படுத்தினர். 2009-இல் அதே செயின்ட் ஜூட் மருத்துவமனை, 498 குழந்தைகளுக்குத் தலையில் தடுப்புக் கதிர் செலுத்தாமலே சிகிச்சை அளித்து, நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுக்குப் பின்னும் உயிருடன் இருந்ததை அறிவித்தது. மூளைப் புற்றுற்ற குழந்தைகள் சிலருக்குக் கதிர் இன்றும் இன்றியமையாதது. அவர்களுக்கு அதனை இயன்றவரை குறுகிய இடத்திற் செலுத்துகின்றனர். பிழைத்தோரைப் பல்லாண்டு கண்காணிக்கின்றனர். எலும்பு முறிவுக்கு எடுக்கும் எக்ஸ் கதிர்ப் படத்தின் அளவு இவற்றோடு ஒப்பிட மிகச் சிறிது; அதைக் கண்டு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

இக்கதையில் மருந்தையோ கருவியையோ கண்டுபிடித்தவர்களை உலகம் அறியும். பழைய ஏடுகளில் பெயர் பெயராகத் தேடி, “இவர் இன்று எப்படி இருக்கிறார்?” என்று கேட்டவர்களை அறிவோர் சிலரே. அந்த 498 குழந்தைகளுள் பெரும்பாலோர், கதிரின் ஊறு தம்மைத் தீண்டாமல் வளர்ந்ததற்கு அவர்களும் காரணர் ஆவர். உங்களுள் மருத்துவம் பயிலப் போகிறவர்கள் அக்கேள்வியை மறவாது கேட்பீர்களாக.