அச்சுப்பொறியும் கட்டற்ற இயங்குதளமும்

கேரள அரசின் பொதுக் கல்வித் துறை 2001-இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் 2017-இல் ‘கைட்’ என்ற அரசு நிறுவனமாக மாறியது. தொடக்கத்தில் தனியுரிமை மென்பொருளைச் சார்ந்திருந்த இத்திட்டம், ஆசிரியர் அமைப்புகளும் மென்பொருள் ஆர்வலர்களும் எழுப்பிய எதிர்ப்பினால் படிப்படியாகக் குனு/லினக்ஸுக்கு, அதாவது எவரும் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறியது. இந்த மாற்றத்தில் கணினியைவிட அதனோடு இணைந்த அச்சுப்பொறியே நெடுநாள் இடர் தந்தது. அதற்கான காரணத்தைக் கட்டற்ற மென்பொருளின் பிறப்பிலேயே காணலாம்.

அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், காகிதம் சிக்கினால் பயனர்களுக்கு உடனே செய்தி போகும்படி பழைய அச்சுப்பொறியின் மென்பொருளைத் திருத்தியிருந்தார். 1980 வாக்கில் ஜெராக்ஸ் அளித்த புதிய லேசர் அச்சுப்பொறிக்கு மூலநிரல் தரப்படவில்லை. அதை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழக ஆய்வாளரும், வெளியிடுவதில்லை என்று ஒப்பந்தம் செய்திருந்ததால், தர மறுத்துவிட்டார். 1983-இல் குனு திட்டத்தை அறிவிக்க ஸ்டால்மனைத் தூண்டியவற்றுள் இந்த மறுப்பும் ஒன்று. அவர் தொடங்கிய இயக்கத்தின் இந்திய அமைப்பு 2001-இல் திருவனந்தபுரத்தில் அவர் முன்னிலையிலேயே தொடங்கப்பட்டது.

அச்சிடும் பணியில் இரு பகுதிகள் உண்டு. ஆவணங்களை வரிசைப்படுத்தி அனுப்புவது ஒன்று. பக்கத்தை அச்சுப்பொறிக்குப் புரியும் மொழியில் மாற்றித் தரும் இயக்கி, அதாவது டிரைவர், மற்றொன்று. வரிசையைக் கவனிக்க யூனிக்ஸில் எல்பிடி என்ற எளிய நிரல் இருந்தது. பக்க விவரணைக்கென அடோபி 1984-இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியை மலிவான அச்சுப்பொறிகள் அறியாதபோது, 1988-இல் வந்த கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற நிரல் கணினியிலேயே பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றிக் கொடுத்தது. மைக்கேல் ஸ்வீட் உருவாக்கி 1999-இல் வெளிவந்த கப்ஸ் இவற்றை ஒரே அமைப்புக்குள் கொண்டுவந்தது. உலாவியில் 631-ஆம் போர்ட்டைத் திறந்து அச்சுப்பொறியைச் சேர்க்கவும் வரிசையைப் பார்க்கவும் அது வழிசெய்தது. அதன் பல வெளியீடுகளில், அச்சிடுகையில் பிழை நேர்ந்தால் வரிசை தானே நின்றுவிடும். கம்பியைச் சரிசெய்த பின்னும், அந்த உலாவிப் பக்கத்துக்குச் சென்று வரிசையை மீண்டும் இயக்கும்வரை ஒரு தாளும் வெளிவராது.

இந்திய அலுவலகங்களில் பரவலான மலிவு லேசர் அச்சுப்பொறிகள் புதிய இடரைக் கொணர்ந்தன. இவை பக்கத்தை அமைக்கும் வேலையைக் கணினியிடமே விட்டன; அதற்கான மொழியை நிறுவனங்கள் வெளியிடவும் இல்லை. ஹெச்பி லேசர்ஜெட் 1020-இன் உள்நிரல் மின்சாரம் நின்றதும் அழிந்துவிடுவதால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினி அதை மீண்டும் அனுப்ப வேண்டியிருந்தது. ஆர்வலர்கள் அதன் மொழியை ஆராய்ந்தறிந்து ‘ஃபூ2இசட்ஜேஎஸ்’ என்ற கட்டற்ற இயக்கியை எழுதினர். கேனன் எல்பிபி 2900-க்கு நிறுவனமே லினக்ஸ் இயக்கி தந்தபோதும், அதற்கெனத் தனிப் பின்னணி நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பதால், அது நின்றபோதெல்லாம் ஆவணங்கள் வரிசையிலேயே தேங்கின. இயக்கியின் மூலநிரல் கைக்கு வராத இடத்தில் ஆசிரியர்களின் கணினிப் பயிற்சி எத்துணை நன்றாக இருப்பினும், பழுதின் வேரைத் தொட இயலவில்லை.

இத்தடை பொது வரையறைகளால் தளர்ந்து வருகிறது. இணைய அச்சு நெறிமுறை எனப்படும் ஐபிபியின் அடிப்படையில் அமைந்த ‘ஐபிபி எவ்ரிவேர்’, தன் காகித அளவுகளையும் திறன்களையும் அச்சுப்பொறியே கணினிக்குச் சொல்லும்படி செய்கிறது. ஆகவே தனி இயக்கி தேவைப்படுவதில்லை. கப்ஸை 2002 முதல் தன் இயங்குதளத்தில் பயன்படுத்திய ஆப்பிள் 2007-இல் அதன் மூலநிரலை விலைக்கு வாங்கியது. இன்று ஓபன்பிரிண்டிங் என்ற அமைப்பு அதைத் தொடர்ந்து வளர்த்து வருகிறது.

ஓர் இயங்குதளத்தின் விடுதலை அதனோடு இணையும் கருவியின் வாசலில் நின்றுவிடக் கூடாது என்பதே இவ்வரலாறு தரும் முடிவு. பள்ளிகளுக்கும் அரசு அலுவலகங்களுக்கும் அச்சுப்பொறி வாங்குவோர், விலையையும் வேகத்தையும் கேட்பதற்கு முன்னர், ஐபிபி எவ்ரிவேர் என்ற பொது நெறிமுறையை அது ஏற்கிறதா என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே கேட்க வேண்டும்.