அடையாள அட்டையும் அடங்கிய குரலும்

கடந்த ஆண்டு குளுவாங்கில் இருக்கும் என் அம்மாவுக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவன் தன்னைப் போலீஸ் என்றான். அம்மாவின் முழுப் பெயரையும் 12 இலக்க ஐசி எண்ணையும் பிசகாமல் சொன்னான். அவர் பெயரில் பதிவான சிம் கார்டிலிருந்து தப்பான செய்திகள் போயிருப்பதாகவும், வழக்கு வராமலிருக்க 3,000 வெள்ளி கட்ட வேண்டும் என்றும் மிரட்டினான். அம்மா கட்டிவிட்டார். "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?" என்று கத்தினேன். "ஐசி நம்பரையே சொல்றான்யா. கவர்மெண்ட தவிர அது யாருக்குத் தெரியும்?" என்றார்.

அம்மா பால்மரம் சீவிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். அவர் பதிலை அறியாமை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. அந்த நம்பிக்கைக்கு, அதற்குள் இருக்கும் பயத்துக்கு, ஒரு வரலாறு உண்டு.

1948 ஜூன் 16 அன்று பேராக்கின் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் கொல்லப்பட்டனர். முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களில் அவசரநிலை வந்தது. இரண்டே நாளில் அது மலாயா கூட்டரசு முழுதும் பரவியது. அதன் கீழ்தான் 12 வயதைத் தாண்டிய எல்லாரும் படம் எடுத்து, கைரேகை வைத்து அடையாள அட்டை பெற வேண்டும் என்ற விதி வந்தது. நம் நாட்டில் அடையாள அட்டை உரிமைச் சான்றாகப் பிறக்கவில்லை. காட்டில் இருப்பவனையும் வீட்டில் இருப்பவனையும் பிரித்தறிய அரசு கண்டுபிடித்த கருவி அது. கம்யூனிஸ்டுகளுக்கும் அது புரிந்திருந்தது. அதனால்தான் மக்களிடமிருந்து அட்டைகளைப் பறித்து அழித்தார்கள். அட்டை இல்லாவிட்டால் ஒரு தரப்புக்குப் பயம், இருந்தால் இன்னொரு தரப்புக்குப் பயம். பாட்டி அதை முந்தானையில் முடிந்துகொண்டுதான் வேலைக்காட்டுக்குப் போவாராம்.

அட்டை வந்த அதே காலத்தில்தான் தோட்டத் தொழிலாளியின் குரல் போனது. 1948 ஜூனில் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனம் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவராக இருந்த எஸ்.ஏ.கணபதி 1949 மே 4 அன்று பூடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1950இல் பிரிக்ஸ் திட்டம் ஜொகூரிலிருந்து தொடங்கியது. காட்டோர மக்கள் முள்வேலிக்குள் குடியேற்றப்பட்டனர், தோட்ட லயங்களும் ஒன்றுதிரட்டி வேலியிடப்பட்டன. அட்டையைக் காட்டு, வாயைத் திறக்காதே. எங்கள் குடும்பத்துக்கு அந்தக் காலம் கற்றுக்கொடுத்தது இதைத்தான்.

அவசரநிலை 1960 ஜூலை 31இல் முடிந்தது. அட்டை முடியவில்லை. 1959ஆம் ஆண்டின் தேசியப் பதிவுச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. 1990இல் 12 இலக்க எண் வந்தது. முதல் ஆறு பிறந்த நாள், அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். ஜொகூருக்கு 01. 2001இல் சில்லு பதித்த மைகாட். 2006இல் முன்கட்டண சிம் கார்டுகளுக்கும் பதிவு கட்டாயமானது. இதே மண்ணில் பிறந்தும் சிவப்பு அட்டையோடு செத்துப்போன தமிழர்களை அம்மா பார்த்திருக்கிறார். நீல அட்டையின் எண்ணை ஒருவன் சொல்லும்போது அவர் நடுங்காமல் இருப்பாரா?

ஆனால் அந்த எண் இப்போது அரசிடம் மட்டும் இல்லை. 2017 அக்டோபரில் 4 கோடியே 62 லட்சம் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தது வெளியே தெரிந்தது. பெயர், முகவரி, ஐசி எண் எல்லாம் அதில் இருந்தன. அன்று நாட்டின் மக்கள்தொகை சுமார் 3 கோடியே 20 லட்சம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி 2013 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. 2024 திருத்தத்தில் அபராதம் கூடியது, கசிவை அறிவிப்பதும் கட்டாயமானது. ஆனால் நம்மைப் பற்றி அதிகம் சேர்த்து வைத்திருக்கும் கூட்டரசு, மாநில அரசுகளை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவு. 2012 ஜூலை 31இல் அமலுக்கு வந்தது. ஒரு பதிவு எந்த இணைப்பிலிருந்து போனதோ, அந்த இணைப்பைத் தன் பெயரில் வைத்திருப்பவரே வெளியிட்டவர் என்று சட்டம் அனுமானிக்கும். இல்லையென்று நிரூபிப்பது அவர் பாடு. கசிந்த ஐசியில் எவனோ ஒருவன் சிம் வாங்கினால்? அம்மாவை மிரட்டியவன் சொன்னது பொய்தான். ஆனால் நடக்க முடியாத பொய் இல்லை.

1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம், இதில் எதுவும் இணையத் தணிக்கையை அனுமதிப்பதாகக் கொள்ளக் கூடாது என்று தானே எழுதி வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் 233ஆம் பிரிவின் கீழ்தான் 2016 ஜூனில், பட்டத்து இளவரசரை முகநூலில் அவமதித்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட 19 வயது இளைஞர் ஒருவருக்கு ஜொகூர் பாரு நீதிமன்றம் ஓராண்டுச் சிறை விதித்தது. பின்னர் அது சீர்திருத்தப் பள்ளியாக மாற்றப்பட்டது. 2025 பிப்ரவரியில் இப்பிரிவின் அபராத உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பழைய பிரிவிலிருந்த 'புண்படுத்தும்', 'எரிச்சலூட்டும்' என்ற சொற்கள் அரசியலமைப்புக்கு முரணானவை என்றது. அரசுத் தரப்பு கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனது.

இதெல்லாம் பெரிய மனிதர்களின் வழக்கு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பணம் போனதும், தோட்டப் பள்ளியில் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நடந்ததை எழுதி எல்லாரையும் எச்சரிக்க அம்மா விரும்பினார். மாமா தடுத்தார். "போலீஸ்னு பேர் போட்டு எழுதாதக்கா. அப்புறம் உன்னையத்தான் வந்து கூட்டிட்டுப் போவாங்க." அம்மா எழுதவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. மூன்று வாரம் கழித்து அதே குழுவில் இருந்த இன்னொரு பெண்மணி 5,000 வெள்ளியை இழந்தார். எந்தச் சட்டமும் அம்மாவைத் தடுக்கவில்லை. அவர் எழுதியிருந்தால் எந்த நீதிமன்றமும் தண்டித்திருக்காது. ஆனாலும் வாய் மூடியிருந்தது.

16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகக் கணக்கு கூடாது, வயதை மைகாட் போன்ற ஆவணத்தால் உறுதிசெய்ய வேண்டும் என்று 2025 நவம்பரில் அரசு அறிவித்தது. பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் மகளுக்கு 14 வயது. இன்னும் இரண்டு வருஷத்தில் 01 இருக்கும் தன் எண்ணை அவளும் எங்கோ கொடுப்பாள். யாரிடம் கொடுக்கிறாள், அவர்கள் அதை யாருக்குக் கொடுப்பார்கள், தொலைத்தால் யார் பதில் சொல்வார்கள் என்று கேட்கும் உரிமை அவளுக்கு எழுத்தில் வேண்டும்.

இப்போது தெரியாத எண்ணிலிருந்து யார் அழைத்தாலும் அம்மா முதலில், "ஒங்க பேரு என்ன, ஐசி நம்பர் சொல்லுங்க" என்கிறார். அந்தப் பெண்மணியைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறார்.