பாடசாலைக்கு வரும் பணமும் வராத ஆசிரியரும்: வடக்கின் கல்வி நிதி எப்படி ஓடுகிறது?

இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது 1945இல். ஆனாலும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் ஒளிப்பிரதிக்கும், மின்விசிறிக்கும், தொண்டர் ஆசிரியரின் கொடுப்பனவுக்கும் பெற்றோரிடம் பணம் கேட்கப்படுகிறது. அரசாங்கம் தரும் காசு எங்கே என்று கேட்டால் அதிபர் வலயத்தைக் காட்டுவார். வலயம் மாகாணத்தைக் காட்டும், மாகாணம் கொழும்பைக் காட்டும். இந்தச் சங்கிலி எப்படிக் கோர்க்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது என்பது விளங்கும்.

இரண்டு வகைப் பாடசாலைகள்

1987இல் வந்த 13ஆவது திருத்தம் பாடசாலைகளை நிர்வகிக்கும் பொறுப்பை மாகாண சபைகளுக்குக் கொடுத்தது. ஆனால் தேசியப் பாடசாலைகள் மத்திய கல்வி அமைச்சின் கீழேயே இருக்கின்றன. யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, வேம்படி மகளிர் கல்லூரி போன்றவை இந்த வகை. இவற்றுக்கான பணம் கொழும்பிலுள்ள அமைச்சிலிருந்து நேரடியாக வருகிறது. எஞ்சிய மிகப் பெரும்பாலான அரச பாடசாலைகள் மாகாணப் பாடசாலைகள். துணுக்காய், மடு, தீவகம், வவுனியா வடக்கு போன்ற வலயங்களின் கிராமத்துப் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் இவற்றில்தான்.

கல்வி வலயத்துக்கெனச் சொந்த வருமானம் கிடையாது. வரி விதிக்கும் அதிகாரமும் அதற்கு இல்லை. மேலிருந்து வரும் ஒதுக்கீட்டைக் கோட்டங்களுக்கும் பாடசாலைகளுக்கும் பங்கிடுவதும், செலவுக்குக் கணக்கு வைப்பதுமே அதன் வேலை.

கொழும்பிலிருந்து வலயம் வரை

மாகாணங்களுக்குத் திறைசேரி எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதை நிதி ஆணைக்குழு பரிந்துரைக்கிறது. மாகாணத்தின் சனத்தொகை, தலா வருமானம், சமூக பொருளாதார ஏற்றத்தாழ்வைப் படிப்படியாகக் குறைக்கவேண்டிய தேவை ஆகியவற்றைக் கவனத்தில் எடுக்கவேண்டும் என அரசியலமைப்பே அதற்குச் சொல்கிறது. போரால் நலிந்த மாகாணம் கூடுதல் பங்கு கேட்பதற்கான சட்ட அடிப்படை இதில் இருக்கிறது.

பணம் முக்கியமாக இரண்டு வழிகளில் வருகிறது. சம்பளம் முதலிய மீண்டுவரும் செலவுகளுக்குத் தொகுதிக் கொடை வருகிறது. கட்டடம், தளபாடம் போன்றவற்றுக்கு அபிவிருத்திக் கொடைகள் வருகின்றன. முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம் போன்ற மாகாணத்தின் சொந்த வருமானம் இவற்றோடு ஒப்பிட்டால் சிறியது. ஒதுக்கீடு முழுவதும் கைக்கு வரும் என்ற நிச்சயமும் இல்லை. திறைசேரி கட்டுநிதியை விடுவித்தால்தான் செலவு செய்யலாம். நெருக்கடி வரும்போது முதலில் வெட்டப்படுவது கட்டட வேலைதான். சம்பளத்தை அப்படி நிறுத்திவைக்க முடியாது.

வடமாகாண சபைக்கு 2013இல் முதற்தடவையாகத் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் பதவிக்காலம் முடிந்த பின்னர் நிர்வாகம் ஆளுநரிடம் போனது. மாகாணக் கல்விச் செலவைச் சபையில் எழுந்து கேட்கத் தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இல்லாமற் போனார்.

பெரிய பணம் ஆசிரியரோடு போகிறது

மாகாணக் கல்விச் செலவின் மிகப் பெரும் பகுதி சம்பளம். ஆகவே ஒரு பாடசாலைக்கு அரசு எவ்வளவு செலவிடுகிறது என்பதைத் தீர்மானிப்பது அங்கே எத்தனை ஆசிரியர்கள் கற்பிக்கிறார்கள் என்பதுதான்.

உதாரணமாக, இரண்டு பாடசாலைகளுக்கும் 20 பேர் கொண்ட ஆளணி அங்கீகரிக்கப்பட்டுள்ளது என வைத்துக்கொள்வோம். வீதியோரப் பாடசாலையில் 20 பேரும் இருக்கிறார்கள். காட்டோரப் பாடசாலையில் 12 பேர். மிகுதி 8 பேரின் சம்பளம் அந்தக் கிராமத்துப் பிள்ளைகளைச் சென்றடையாத கல்விப் பணம். புதிய மாடிக் கட்டடம் திறந்தாலும் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆளில்லையென்றால் பெரிய பங்கு வரவில்லை என்றே அர்த்தம். பதிவில் ஒரு பாடசாலையிலும், "தற்காலிக இணைப்பு" என்ற பெயரில் இன்னொரு பாடசாலையிலும் கடமையாற்றும் ஆசிரியர் இருந்தால் கடதாசியில் வெற்றிடம் தெரியாது, வகுப்பறையில் தெரியும்.

மிஞ்சும் சிறுபகுதி

கற்றல் உபகரணங்கள், ஆய்வுகூடப் பொருட்கள், விளையாட்டுச் சாமான்கள் போன்றவற்றுக்குத் தர உள்ளீட்டுக் கொடை வருகிறது. அதன் அளவு மாணவர் தொகையையும் பாடசாலை வகையையும் பொறுத்தது. ஆகவே 60 பிள்ளைகள் உள்ள பாடசாலைக்கு மொத்தமாக வருவது சொற்பம். பாடநூலும் சீருடையும் மத்திய அரசின் திட்டங்களாக வருகின்றன.

இந்த இடைவெளியைப் பெற்றோரும், பழைய மாணவர் சங்கங்களும், புலம்பெயர் உறவுகளும் நிரப்புகிறார்கள். அவர்களின் உதவி பெரியது. ஆனால் அது பழைய மாணவர்கள் பலமாக உள்ள இடத்துக்கே அதிகம் போகிறது. 2009இல் வன்னியில் எல்லாவற்றையும் இழந்து மீளக்குடியேறிய கிராமங்களில் பல பாடசாலைகளுக்கு வெளிநாட்டில் கிளை வைத்த சங்கம் இல்லை. வலிகாமம் வடக்கில் உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட பாடசாலைகள் பல ஆண்டுகள் வேறிடங்களில் இயங்கின. மாணவரும் பெற்றோரும் சிதறிய பின்னர் திரும்பிய பாடசாலை சிறியதாகவே திரும்பியது. மாணவர் குறைந்தால் ஆளணியும் கொடையும் குறையும். அவை குறைந்தால் இருக்கிற பிள்ளைகளும் நகரப் பாடசாலை தேடிப் போவார்கள்.

பெற்றோர் எதைக் கேட்கலாம்?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வலயக் கல்விப் பணிமனைக்கும் மாகாணக் கல்வித் திணைக்களத்துக்கும் பொருந்தும். எந்தப் பிரசையும் காரணம் கூறாமல் விண்ணப்பிக்கலாம். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். இந்தக் கேள்விகள் பயன்படும்:

எமது பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆளணி எவ்வளவு? பாடவாரியாக எத்தனை பேர் இப்போது கற்பிக்கிறார்கள்?

எமது பாடசாலைக்கு நியமிக்கப்பட்டு வேறிடத்தில் இணைப்பில் இருப்பவர்கள் எத்தனை பேர், எந்தத் திகதி வரை?

கடந்த ஆண்டு தர உள்ளீட்டுக் கொடையாக ஒதுக்கியது எவ்வளவு, விடுவித்தது எவ்வளவு?

அபிவிருத்திச் சங்கத்தின் வரவு செலவைக் கேட்க விண்ணப்பமே தேவையில்லை. அது பெற்றோர் உறுப்பினராக உள்ள சங்கம், கணக்கு கூட்டத்தில் வாசிக்கப்படவேண்டியது. மாகாணக் கணக்குகளைக் கணக்காய்வாளர் நாயகம் பரிசோதிக்கிறார், அந்த அறிக்கைகளும் பொதுமக்களுக்கானவை.

நன்கொடை அனுப்பும் புலம்பெயர் உறவுகளும் கட்டடத்துக்கு முன்னர் முதற் கேள்வியை அதிபரிடம் கேட்பது நல்லது. தனியார் பணத்தில் ஒரு வகுப்பறை கட்டலாம், தொண்டர் ஆசிரியருக்குச் சில மாதம் கொடுப்பனவும் கொடுக்கலாம். ஓய்வூதியம் வரை நிற்கும் ஒரு நிரந்தர ஆசிரியரைத் தரவேண்டியது அரசுதான். அதைக் கேட்டுப் பெறாமல் நாமே நிரப்பிக்கொண்டிருந்தால், வெற்றிடம் இருப்பதே வெளியே தெரியாமல் போய்விடும்.